இலை உதிர்ந்த ஆர்க்கிட் செத்துவிட்டதா?

கேள்வி: ஜாம்பியாவில் என்டோலா நகரத்தில் இருக்கிறோம். கரி சுடுவதற்காக மரம் வெட்டிய காட்டிலிருந்து ஓர் ஆர்க்கிட்டை எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா எடுத்துவந்து கொடுத்தார். டிசம்பரில் அகலமான இளஞ்சிவப்புப் பூக்கள் வந்தன. மே மாதம் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஜூலை ஆகியும் துளிர்க்கவில்லை. அடித்தண்டு பருத்து உண்டான நான்கு குமிழ்களில் ஒன்று குழைந்து நாறுகிறது. செடி செத்துவிட்டதா? இந்தக் கிழங்கில்தான் சிகண்டா என்ற இவ்வூர் உணவைச் செய்வார்கள் என்கிறார் அந்த அக்கா, உண்மையா? அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பும்போது எடுத்து வரலாமா?

பதில்: சாகவில்லை, தூங்குகிறது. முதல் வேலையாக இன்றே தண்ணீரை நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பூவின் பின்னால் நீளமான வால் போன்ற தேன்குழல் தெரிகிறது. உதடு எனப்படும் நடு இதழ் அகலமாக, வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பாக இருக்கிறது. மற்ற இதழ்கள் குறுகலாகப் பழுப்பேறி மேலே நிமிர்ந்திருக்கின்றன. இலையில் தென்னங்குருத்தைப் போல நீளவாக்கில் மடிப்புகள். இது யூலோஃபியா கினீன்சிஸ். 1823-இல் ஜான் லிண்ட்லி பெயர் வைத்த இனம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்கு வரை, அரேபியாவின் தென்மேற்கு மூலையிலும் இது உண்டு. மரத்தில் தொற்றி வளராது. காட்டு மரங்களின் அடியில், இலைச்சருகு மக்கிய மண்ணில் வளரும்.

உங்களைச் சுற்றியுள்ள மியோம்போ என்ற வறண்ட மரக்காட்டை நினைத்துப் பாருங்கள். மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். அப்புறம் ஆறு மாதம் ஒரு சொட்டு கிடையாது. ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அந்த ஆறு மாதத்தைக் கடக்கத்தான் செடி இலையைக் கழற்றிவிட்டு, தண்ணீரையும் சாப்பாட்டையும் குமிழில் பூட்டி வைக்கிறது. இலை இல்லாத செடி தண்ணீரைக் குடிக்காது. குளிர்ந்த ஈரமண்ணில் வேர் அழுகும், அழுகல் வேர் வழியாகக் குமிழுக்கு ஏறும். உங்கள் தொட்டியில் நடந்தது இதுதான்.

இப்போது செடியை வெளியே எடுத்து, மண்ணை உதறி, ஒவ்வொரு குமிழையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது. லேசாகச் சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். குழைந்ததை மட்டும், பக்கத்துக் குமிழோடு சேரும் குறுகலான தண்டில், தணலில் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய முகத்தைக் கூர்ந்து பாருங்கள். அது வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக ஒரு கோடோ புள்ளியோ தெரிந்தால் அழுகல் உள்ளே போயிருக்கிறது. கத்தியை மறுபடி சுட்டு, சுத்தமான சதை வரும்வரை இன்னும் கொஞ்சம் நறுக்குங்கள். இதில் தயங்கினால் மீதி மூன்றும் போய்விடும். வெட்டுவாயில் இலவங்கப்பட்டைப் பொடி அல்லது கரித்தூள் தடவி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். இலையில்லாத பழைய குமிழ்களைத் தூக்கிப்போட வேண்டாம். புதுக் குருத்துக்குப் பால் கொடுப்பவை அவைதான்.

பிறகு மண்தொட்டியில் பருமணல், இலைமட்கு, உடைத்த கரித்துண்டு மூன்றையும் கலந்து, குமிழ் பாதிக்கு மேல் வெளியே தெரியும்படி வைத்து, மழைச்சாரல் படாத இடத்தில் விட்டுவிடுங்கள். குமிழ் ரொம்பவும் சுருங்கினால் மட்டும் மாதம் ஒருமுறை தொட்டி ஓரத்தில் ஒரு கை தண்ணீர்.

செப்டம்பர், அக்டோபரில் மியோம்போ மரங்கள் மழைக்கு முன்பே செக்கச்செவேலென்று துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு குமிழின் அடியில் கூர்மையாக ஒரு முளை தெரியும். உடனே குடம் குடமாக ஊற்றத் தோன்றும். பொறுங்கள். முளை விரல் நீளம் வந்து, அடியில் புது வேர் இறங்கட்டும். நான் வளர்த்த முதல் செடியை இந்தக் கட்டத்தில்தான் இழந்தேன். சுருண்ட குருத்துக்குள் தண்ணீர் தேங்கி, ஒரே வாரத்தில் உள்ளிருந்து கருகிப்போனது. மேலே ஊற்றாமல் ஓரமாக ஊற்றுங்கள். இலை விரிந்த பின் தாராளமாகத் தண்ணீர், இரண்டு வாரத்துக்கொருமுறை வெகு நீர்த்த உரம். இலைகளுக்கிடையே புள்ளிப் புள்ளியாக வெயில் விழும் மரநிழல் போதும்.

சரி, சிகண்டா. அந்த அக்கா சொல்வதில் பாதி உண்மை. ஆர்க்கிட் கிழங்கை இடித்து, வேர்க்கடலை மாவு, மிளகாய், உப்பு, சமையல் சோடா சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கித் துண்டு போட்டு விற்பதுதான் சிகண்டா. "ஆப்பிரிக்கன் போலோனி" என்று அதற்குப் பெயர் இருந்தாலும் இறைச்சி இல்லை. ஆனால் அதற்குத் தோண்டுவது முக்கியமாக டைசா, சத்தீரியம், ஹபெனேரியா என்ற வேறு ஆர்க்கிட் வகைகளின் மண்ணுக்கடிக் கிழங்கை. உங்கள் குமிழ் வேறு, அதை அரைக்க வேண்டாம்.

எனக்கு மனது கனக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்தச் செடிகளின் அடியில் இரண்டு கிழங்கு இருக்கும். ஒன்று போன வருடத்தது, வற்றிப்போனது. இன்னொன்று அடுத்த வருடத்துக்கானது, வெளுத்துக் கொழுத்தது. தோண்டுபவர்கள் எடுப்பது கொழுத்ததை. அதோடு செடியின் கதை முடிந்தது. ஜாம்பியாவில் கிழங்கு குறையக் குறைய, தான்சானியாவின் தென்பகுதி மலைகளிலிருந்து லட்சக்கணக்கில் வரத் தொடங்கியது. அங்கே கிட்டுலோ பீடபூமி 2005-இல் தேசியப் பூங்காவானதற்கு இதுவும் ஒரு காரணம். விதைத்துப் பெருக்குவதும் எளிதல்ல. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமிப்பு உணவே கிடையாது, சரியான பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும். எனவே வெட்டிய காட்டில் கிடந்ததைக் காப்பாற்றியது நல்லது, நிற்கும் காட்டில் தோண்டி எடுத்துவரச் சொல்லாதீர்கள்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: பெட்டியில் போட்டு எடுத்துவர முடியாது. எல்லா ஆர்க்கிட்டும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. ஜாம்பியாவின் ஏற்றுமதி அனுமதி, தாவர நலச் சான்றிதழ், இந்தியாவின் இறக்குமதி அனுமதி எல்லாம் வேண்டும். காட்டுச் செடிக்கு அவை கிடைப்பது கடினம். தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளிலேயே யூலோஃபியா எபிடென்ட்ரேயா என்ற இதன் உறவு வளர்கிறது, கிளம்பிவந்த பிறகு அதைப் போய்ப் பாருங்கள். இந்தச் செடியை அந்த அக்காவிடமே கொடுத்துவிடுங்கள். மே முதல் அக்டோபர் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.