அடிப்பதெல்லாம் அடியா?

கேள்வி: ரன் என்றால் ஓடு என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் கடை நடத்துவதும் ரன், காய்ச்சல் அடிப்பதும் ரன், வீட்டில் பால் தீர்ந்துபோவதும் ரன். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் வைத்துக்கொள்ளத் தெரியாத மொழியை எப்படிக் கற்பது? எல்லா அர்த்தங்களையும் மனப்பாடம் செய்ய வழி உண்டா?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1989 பதிப்பில் செட் என்ற சொல்தான் முன்னால் நின்றது, அதை இது தாண்டிவிட்டது. இதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டா லண்டன்காரர் பால் வாங்கப் போகிறார்?

சரி, தமிழ் மட்டும் என்ன ஒழுங்கு? உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாயா அடிக்கிறவர் யாரையும் அடிப்பதில்லை. ஆரல்வாய்மொழியில் காற்று அடிக்கிறது, சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறோம், களியக்காவிளை தாண்டிப் போய் வாங்கி வந்த கேரளா லாட்டரி இந்தத் தடவையாவது அடிக்காதா என்று பேப்பரைப் புரட்டுகிறோம். இவ்வளவு ஏன், ஆங்கிலத்தைக் குறை சொல்லும் உங்கள் கேள்வியிலேயே காய்ச்சலை 'அடிக்க' விட்டிருக்கிறீர்களே, அதை எந்தப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தீர்கள்?

காய்ச்சலும் அடியும் சேர்ந்தே காதில் விழுந்ததால் சேர்ந்தே வாயில் வருகிறது, அவ்வளவுதான். ரன்னையும் அப்படியே பக்கத்துச் சொல்லோடு பிடியுங்கள்: ரன் எ ஷாப், ரன் எ ஃபீவர். வால் மாதிரி பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்களில்தான் ஆபத்து அதிகம். ரன் அவுட் என்றதும் நமக்கு கிரிக்கெட் ஞாபகம்தான் வரும், ஆனால் 'ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. வடசேரி சந்தையில் பழைய நண்பரை எதிர்பாராமல் பார்த்தால் ரன் இன்டு. அந்த இடத்தில் ரன் ஓவர் என்று மாற்றிச் சொல்லிவிட்டால் அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டதாக அர்த்தம், அப்புறம் ஸ்டேஷனில் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. தேர்தலில் நாம் நிற்கிறோம், பிரிட்டிஷ்காரர்களும் நிற்கிறார்கள், அமெரிக்கர்கள் மட்டும் ஓடுகிறார்கள், அங்கே அதுவும் ரன்தான். ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டு அடுத்த கார்டு போட்டுவிடாதீர்கள்.