கண்ணாடிக் கையில் எழுதியிருக்கும் நாடு

இந்த வாரம் மூக்குக்கண்ணாடி பற்றி வந்த கேள்விகள். பதில் சொல்பவர் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் 22 வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர்.

கேள்வி: அண்ணே, அப்பாவின் 60ஆவது பிறந்தநாளுக்கு ஒரு பெரிய இத்தாலிய ஃபேஷன் நிறுவனத்தின் ஃபிரேம், 640 வெள்ளி கொடுத்து ஆர்ச்சர்ட் ரோட்டில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உட்பக்கம் 'மேட் இன் சைனா'! "போலியைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்கிறார் மாமா. ரசீது இருக்கிறது, கடையும் அந்த நிறுவனமே அனுமதி கொடுத்த கடைதான். ஏமாந்துவிட்டேனா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இல்லை தம்பி. நாட்டின் பெயரை மட்டும் பார்த்துப் போலி என்று சொல்லவே முடியாது. பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் பலவும் கண்ணாடியைத் தாங்களே செய்வதில்லை, பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையைக் கண்ணாடி செய்கிறவர்களிடம் கொடுத்துவிடுகின்றன. பிராடா, சனெல் கண்ணாடிகளைச் செய்வது லக்சோட்டிகா. 1961இல் இத்தாலியின் மலையூரான அகோர்டோவில் லியோனார்டோ டெல் வெக்கியோ தொடங்கிய நிறுவனம் அது. அதற்கே சீனாவின் டோங்குவானில் சொந்தத் தொழிற்சாலை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'இத்தாலி' என்று எழுதியிருந்தால் ஆணி முதல் அத்தனையும் அங்கேயே செய்தது என்று அர்த்தம் இல்லை. ஒரு பொருள் பல நாட்டில் உருவானால், கடைசியாகக் கணிசமான வேலை எங்கே நடந்ததோ அந்த நாட்டின் பெயரைப் போடலாம் என்பதுதான் ஐரோப்பிய விதி. தலைகீழாகவும் நடக்கும். 1849இலிருந்து இருக்கும் இத்தாலியின் மாசுகெல்லி நிறுவனம் செய்த அசிடேட் என்ற பிளாஸ்டிக் தகடு சீனாவுக்குப் போய், அங்கே வெட்டி, இழைத்து, மெருகேறி 'சைனா' என்ற பெயரோடு வரும். பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் வரும் அதே நல்ல தகடுதான்.

அதற்காக 640 வெள்ளியும் கைவேலைக்குப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். பெயருக்கும் கடை வாடகைக்கும் போவதே அதிகம், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆனால் வேலை நன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அப்பாவின் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். முன்பகுதியும் காதில் மாட்டும் கையும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். நகம் தட்டக் கூடாது, இரண்டும் ஒரே துண்டுபோல வழுக்க வேண்டும், ஏனென்றால் நல்ல பட்டறையில் இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இழைப்பார்கள். பிறகு மரச்சில்லு போட்ட பீப்பாயில் நாள்கணக்கில் உருட்டி, கடைசியில் ஒருவர் கையால் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவார். அவசரப்பட்டால் அந்த மூலையில்தான் தெரியும்.

அப்புறம் கீல். வெளிப்பக்கம் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளைப் பார்த்து மயங்காதீர்கள், பல ஃபிரேம்களில் அவை வெறும் அலங்காரம், உள்ளே கீலைச் சூடாக்கி அழுத்தியிருப்பார்கள். புள்ளி உள்ளே வரை ஊடுருவிக் கீலைப் பிடித்திருந்தால் அதுதான் தறைந்த கீல். என் கைக்கு வந்ததில் அதிகம் உழைத்தவை அவையே. நிறத்தையும் பாருங்கள். அசிடேட்டில் அந்த ஆமையோட்டுக் கோலம் கையின் நுனி வரை, கனம் முழுக்க ஓடும். அச்சில் வார்த்து மேலே வண்ணம் பூசியது என்றால் விளிம்பில் தேய்ந்து உள்நிறம் தெரியும்.

போன மாதம் ஒரே நாளில் இரண்டு வந்தன. ஒரு அக்கா கொண்டு வந்ததில் 'இத்தாலி' என்று இருந்தது, வாங்கி எட்டு மாதம்தான், கீல் பக்கம் தங்கமுலாம் உரிந்து பச்சை படிந்திருந்தது. அடுத்து வந்த பெரியவருடையது சீனாவில் செய்த அசிடேட், 11 வருடம் போட்டது. கையை மடக்கினால் இன்னும் அதே இறுக்கம். திருகாணியை மாற்றி மெருகு போட்டுக் கொடுத்தேன், கண்ணாடி முன் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேள்வி: 'சிஇ' என்று எழுதியிருந்தால் எந்த நாடு?
— யீஷூன் வாசகி

பதில்: நாடே இல்லைம்மா. ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துகிறது என்று செய்தவர் போடும் குறி. பக்கத்தில் 52, 18, 140 போல எண்கள் இருந்தால் அவை லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில்.

கேள்வி: வியர்வையில் என் உலோக ஃபிரேம் எல்லாம் கறுத்துவிடுகிறது, தோலும் அரிக்கிறது. ஜப்பானிய டைட்டேனியத்துக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?
— ஜூரோங் வாசகர்

பதில்: உங்களுக்குக் கொடுக்கலாம், தயங்காமல் சொல்கிறேன். அரிப்புக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம், சுத்த டைட்டேனியத்தில் அது இல்லை, வியர்வையில் துருவும் பிடிக்காது. ஜப்பானில் செய்யும் ஃபிரேம்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஃபுகுயி மாநிலத்தில், குறிப்பாகச் சபாயே நகரைச் சுற்றித்தான் செய்கிறார்கள். பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாமல் மக்கள் கஷ்டப்படுவதைப் பார்த்த மசுனாகா கொசாயெமோன் என்பவர், 1905இல் ஒசாகாவிலிருந்து தொழில் தெரிந்தவர்களை வரவழைத்து ஆரம்பித்த வேலை அது. இன்றும் ஒரு பட்டறை கீல் மட்டும், ஒரு பட்டறை மெருகு மட்டும் என்று பிரித்துச் செய்கிறார்கள், ஒரு ஃபிரேம் 200க்கும் மேற்பட்ட படிகள் தாண்டும். 1980களின் தொடக்கத்தில் டைட்டேனியத்தைக் கண்ணாடிக்குப் பழக்கியதும் அவர்களே. சூடேறினால் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும் உலோகம், ஆர்கான் போன்ற வாயுவில் வைத்து ஒட்ட வேண்டும். அதனால்தான் உடைந்தால் எங்களைப் போன்ற கடையில் ஒட்ட முடியாது, வாங்கும்போதே உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். முழுவதும் டைட்டேனியமா, முன்பகுதி மட்டுமா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: கறுப்பு அசிடேட் ஃபிரேம் காதோரம் வெளுத்துப்போகிறது. தூக்கிப் போடவா?
— அங் மோ கியோ வாசகி

பதில்: வேண்டாம்மா. வியர்வையும் எண்ணெயும் படிந்து மேல்தோல் வறண்டிருக்கிறது, கடையில் சக்கரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் கறுப்பு திரும்பிவிடும். வீட்டில் நெயில் பாலிஷ் எடுக்கும் திரவத்தால் மட்டும் துடைக்காதீர்கள், அசிட்டோன் அசிடேட்டைக் கரைத்துவிடும். தினமும் இரவு சாதாரணத் தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள்.