எட்டுவதும் தங்குவதும்

வணக்கம்.

எனக்கு 51 வயது. சிறுமியாக இருந்தபோது கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் வரை கற்றுக்கொண்டேன். பிறகு கல்யாணம், வேலை, குழந்தைகள். மூன்று ஆண்டுகளாக மீண்டும் வகுப்புக்குப் போகிறேன். இதுவரை கோஷ்டியோடு மட்டுமே பாடியிருக்கிறேன். இந்த நவராத்திரிக்கு எங்கள் பகுதிக் கோயிலில் தனியாகப் பாட அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் எல்லோருக்கும் சுருதி ஐந்து கட்டைதான் (கட்டை எண் கூடக்கூடச் சுருதி உயரும்). கோஷ்டியில் தெரிவதில்லை, வீட்டில் தனியாகப் பாடினால் மேலே, தார ஸ்தாயியில் குரல் உடைகிறது. நாலு கட்டைக்கு இறக்கினால் ஆண் குரல் போல இருக்கும் என்கிறார் ஆசிரியை. பைரவி அட தாள வர்ணம், கல்யாணியில் ஒரு கீர்த்தனை, கடைசியில் துக்கடாவாக ஒரு சின்னப் பாட்டு என்று நினைத்திருக்கிறேன். என் குரலுக்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசகி, நங்கநல்லூர்

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை.

அந்த ‘ஆண் குரல்’ பேச்சை நானும் கேட்டு வளர்ந்தவள். பதினாறு வயதில் என்னை ஐந்தரைக் கட்டையில் பாட வைத்தார்கள். தார காந்தாரம் (மேல் ஸ்தாயியின் ‘க’) வரும்போதெல்லாம் நெற்றி சுருங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் இயல்பான குரலை விட்டு மெலிந்த கள்ளக்குரலில் தப்பித்துக்கொள்வேன். என்ன உணர்ச்சி பாவத்தோடு பாடுகிறாள் என்று முன்வரிசை மாமிகள் பாராட்டினார்கள். தொண்டை வலியில் முகம் சுளித்ததற்குக் கிடைத்த பாராட்டு அது. பிறகு நாலரைக்கு இறங்கினேன், இப்போது நாலு. வயது ஏற ஏறப் பெண்களின் குரல் சற்றுத் தாழ்வது இயற்கை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உயர்ந்த சுருதி மீது நமக்குள்ள மோகம் ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் மிச்சம். எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையில் வளர்ந்த குரல்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்டாக வேண்டும். உங்கள் கோயிலில் மைக் இருக்கும், தேவைக்கு அதிகமாகவே அலறும். இன்னொரு பக்கம் டி.கே.பட்டம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தமும் கனமும் நிறைந்த அந்தக் குரலில்தான் அவர் மேடையில் கச்சேரியின் கனமான பகுதியான பல்லவி பாடினார், 1970-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதியும் ஆனார். உங்கள் ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. பத்துப் பேருக்கு ஒரே சுருதி வைக்க வேண்டியவருக்கு வேறு வழி கிடையாது. ஆனால் தனியாகப் பாடும் அன்று அந்தப் பத்துப் பேர் உங்களோடு வரப்போவதில்லை.

கட்டையைத் தேட ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். எழுந்தவுடன் குரல் தாழ்ந்திருக்கும், அப்போது பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். செல்பேசியில் தம்பூராவை வைத்துக்கொண்டு ஐந்திலிருந்து அரைக்கட்டையாக இறங்குங்கள். மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ‘ப’) மற்றவர் காதில் விழும்படி வர வேண்டும், தார காந்தாரத்தில் நாலு எண்ணும்வரை நிற்க முடிய வேண்டும். இரண்டும் நடக்கிற இடம் உங்கள் சுருதி. தார பஞ்சமத்தையும் தொட்டால் நல்லது, தொடாவிட்டால் குடி முழுகிவிடாது. நாலரையாக இருக்கலாம், நாலாக இருக்கலாம். அதற்கும் கீழே போனால் நேரே மூன்றுதான். மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, ஆர்மோனியத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. (இது தெரியாமல் ‘எனக்கு மூன்றரை’ என்று சொன்னவர்களைச் சந்தித்திருக்கிறேன்.)

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் ‘எதுவரை மேலே போகிறது’ என்றுதான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அது எங்கே தங்குகிறது என்பதை. இரண்டு கீர்த்தனைகளுக்கும் உச்சம் தார காந்தாரமாகவே இருக்கலாம். ஒன்று பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் ஒருமுறை அதைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். மற்றொன்று தார ஷட்ஜமத்திலேயே (மேல் ‘ஸ’) பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். முதலாவது உங்களுக்கானது. இரண்டாவதை வகுப்பில் பாடுங்கள், மேடைக்குக் கொண்டுவராதீர்கள். ஸ்வரப்படுத்திய புத்தகத்தை எடுத்து, மேலே புள்ளி வைத்த ஸ்வரங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். எத்தனை வட்டம் என்பதைவிட, எந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கார்வை (ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது) இருக்கிறது என்பது முக்கியம். உரசிக்கொண்டு போகும் ஸ்வரம் யாரையும் காட்டிக்கொடுக்காது, நின்று பாட வேண்டிய ஸ்வரம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் என்ன எழுத்து விழுகிறது என்றும் பாருங்கள். உச்சத்தில் ‘ஆ’ வந்தால் வாய் தானே திறந்துகொள்ளும். ‘ஈ’யும் ‘ஊ’வும் வந்தால் பலருக்கும் தொண்டை இறுகிப்போகும்.

இந்தக் கணக்குப்படி உங்கள் கல்யாணி எந்தக் கீர்த்தனை என்பதைப் பொறுத்துத் தேறும் அல்லது தேறாது. வட்டமிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். பைரவி வர்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆவர்த்தனத்துக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) 14 அட்சரம், இரண்டு வேகம், சரணத்தில் மேலே ஏறும் ஸ்வரங்கள் வேறு. அரை மணியில் கால்வாசியைத் தின்றுவிட்டு, மீதிக்குக் குரலும் வைக்காது. ஓர் ஆதி தாள வர்ணம் போதும்.

துக்கடாவுக்கு நம் சங்கீதத்திலேயே ஒரு வசதி இருக்கிறது. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி போன்ற ராகங்கள் நிஷாதத்தோடு (‘நி’) நின்றுவிடும், தார ஷட்ஜமத்துக்கே போகாது. குறிஞ்சி தைவதத்தோடு (‘த’), நவரோஜ் பஞ்சமத்தோடு. இவற்றை மத்திம சுருதியில், அதாவது உங்கள் மத்திமத்தையே (‘ம’) ஷட்ஜமமாக வைத்துக்கொண்டு, பாடுவது வழக்கம். குறுகிய சஞ்சாரமுள்ள பாட்டைக் குரல் நன்றாக ஒலிக்கும் இடத்துக்குத் தூக்கிவைக்கும் ஏற்பாடு இது. பாட்டுக்கும் குரலுக்கும் பொருத்தம் பார்ப்பது நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாதநாமக்கிரியையை மத்திம சுருதியில் பாடினால் உங்கள் தார காந்தாரம் வரை வரும். அது கனமாகத் தெரிந்தால் குறிஞ்சிக்கோ நவரோஜுக்கோ போங்கள், உச்சம் இன்னும் இறங்கிவிடும்.

சாதகம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். காலையில் மந்தர ஸ்தாயியில் ‘ஆ’ என்று பாடும் அகார சாதகம், மாலையில் பாட்டு. உடையும் வரியை மட்டும் பிரித்தெடுத்து, விளம்ப (மெதுவான) காலத்தில், சன்னமாகப் பாடிப் பாருங்கள். கத்தினால்தான் வருகிறது என்றால் அந்த ஸ்வரம் இன்னும் உங்களுடையதாகவில்லை. ஒரு வரிக்கு ஐந்து சங்கதி (அதே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம்) பாடமாகியிருந்தால் மூன்றைப் பாடுங்கள், மேலே போகும் சங்கதியை விட்டதற்காக யாரும் வந்து கேட்கப்போவதில்லை. கடைசிப் பத்து நாள், அரை மணி நிகழ்ச்சியையும் வரிசைப்படி, சம்மணமிட்டு உட்கார்ந்து, நடுவில் நிறுத்தாமல் பாடுங்கள். கோஷ்டியில் பக்கத்தில் இருப்பவர் பாடும்போது நாம் மூச்சு வாங்கிக்கொள்கிறோம். அந்தக் கடன் வசதி இனி இல்லை. நடுவில் தீபாராதனை மணி அடித்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நவராத்திரியில் கட்டாயம் அடிக்கும்.

இன்னொன்று. மிருதங்கம் வாசிக்க வருபவரிடம் கட்டையை இப்போதே சொல்லிவிடுங்கள். ஐந்துக்குக் கூட்டிவைத்த வாத்தியம் நாலுக்கு ஒத்துவராமல் வேறு மிருதங்கமே கொண்டுவர வேண்டியிருக்கலாம். அதைக் கோயில் வாசலில் வைத்துச் சொன்னால், அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வர்ணத்தைத் தொடங்க நேரும்.