14,000 பதிவுகள் எழுதிய கணவருக்கு என்ன கோளாறு?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கான இணைய மன்றம் ஒன்றில் 11 ஆண்டுகளாக எழுதுகிறார். அவர் பெயருக்குக் கீழே 14,000 பதிவுகள் என்று காட்டுகிறது. வீட்டிலோ கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில். இது இணைய அடிமைத்தனமா? பதிவுகளை ஆராய்ந்து ஒருவருடைய குணத்தையும் மனநோயையும் கண்டுபிடித்து அறிக்கை தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். கணவரின் கடவுச்சொல்லும் வேண்டுமாம். கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

14,000 என்ற எண்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. அதை 11 ஆண்டுகளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரைப் பதிவு வரும். உறவினர்களோடு கைப்பேசியில் நாம் ஒரே காலையில் அனுப்பும் செய்திகள் அதைவிட அதிகம். மன்றம் எல்லாவற்றையும் எண்ணிப் பெயருக்குக் கீழே மாட்டிவைக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அப்படியொரு மீட்டர் இருந்தால் நம்மில் பாதிப் பேர் வெளியே தலைகாட்ட முடியாது.

எந்த இணையக் குழுவிலும் சிலர்தான் எழுதுவார்கள். ஜேக்கப் நீல்சன் என்ற இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் 2006இல் இதற்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்: 100 பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதியிருக்கும் ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். உங்கள் கணவர் அந்த ஒருவர். எண்ணிக்கை சொல்வது அவ்வளவுதான். அவர் நல்லவரா, தனிமையில் வாடுகிறாரா, கர்வம் பிடித்தவரா என்பதெல்லாம் அதில் கிடையாது.

என்ன எழுதுகிறார் என்பது வேறு விஷயம். நீங்கள் அனுப்பிய நான்கு பதிவுகளையும் படித்தேன். ஒரு திரியில், அதாவது ஒரே கேள்வியைத் தொடரும் பதிவு வரிசையில், வீடு மாறிய பிறகு சுவர்க்கடிகாரம் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்று ஒருவர் புலம்புகிறார். உங்கள் கணவர் எழுதுகிறார்: "பெண்டுலத்தைத் தொடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் நடுவில் இடைவெளி சமமாக இல்லையென்றால், சமமாகும்வரை பெட்டியை இடமோ வலமோ மயிரிழை நகர்த்துங்கள்." நான்கு நாள் கழித்து அந்த மனிதர் நன்றி சொல்கிறார். இதே கேள்விக்கு இதற்கு முன் எத்தனை முறை பதில் சொல்லியிருப்பாரோ, எரிச்சலின் சாயல்கூட இல்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இனி 'அடிமைத்தனம்'. இந்தச் சொல்லின் பிறப்பே ஒரு வேடிக்கை. 1995இல் ஐவன் கோல்ட்பர்க் என்ற மனநல மருத்துவர், நோய்ப் பட்டியல்கள் எழுதப்படும் விதத்தைக் கேலி செய்வதற்காக 'இணைய அடிமை நோய்' என்று ஒன்றைக் கற்பித்து எழுதினார். கேலி என்று தெரியாமல் பலர் தங்களுக்கு அது இருப்பதாக நம்பினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், இணைய விளையாட்டு மட்டும் 'மேலும் ஆராய வேண்டியது' என்ற பகுதியில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. மன்றத்தில் நிறைய எழுதும் நோய் என்று எதிலும் இல்லை.

ஆனால் எங்கள் மனநலத் துறையின் படிவங்களைப் பார்க்க வேண்டும். 'ஒரு நாளின் திரை நேரம்: ___ மணி' என்று ஒரு கட்டம். அந்த நேரத்தில் என்ன செய்தார், யாரோடு பேசினார் என்று எழுத இடமே இல்லை. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்று வரிசை கட்டினால் கட்டத்தைத்தான் நிரப்ப முடியும், மனிதரைப் பார்க்க முடியாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை பதிலுக்குப் புதிதாக அச்சிட்ட படிவம் வந்தது. கட்டம் சற்றுப் பெரிதாக இருந்தது.

இந்த ஓட்டை வழியாகத்தான் உங்கள் ஆலோசகர் போன்றவர்கள் நுழைகிறார்கள். பல நாடுகளில் 'ஆலோசகர்' என்று பலகை மாட்ட யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் தரப்போகும் அறிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "வெளியே அமைதியானவர், உள்ளுக்குள் குமுறல் உண்டு. பிறர் மதிக்க வேண்டும் என்று ஏங்குபவர். சில முடிவுகளைப் பற்றி இன்னும் குழப்பம் இருக்கிறது." படித்ததும் நீங்கள் திடுக்கிடுவீர்கள். நான் படித்தாலும் திடுக்கிடுவேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் பொருந்தும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு குண அறிக்கை கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி, ஐந்துக்கு 4.26. கொடுத்தது அத்தனை பேருக்கும் ஒரே தாள், வரிகளில் பெரும்பாலானவை ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை!

2013இல் வந்த ஃபேஸ்புக் ஆய்வை அந்த ஆலோசகர் உங்கள் முன் நீட்டக்கூடும். 58,000 பேருக்கு மேல் தாங்களாக முன்வந்து தந்த லைக்குகளை வைத்துக் குணங்களைக் கணித்த ஆய்வு அது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சாய்வு வேறு, தனி ஒருவரின் கடிகாரப் பதிவுகளை வைத்து அவர் மனநிலையைச் சொல்வது வேறு. 20 கேள்விக்குப் பதில் சொன்னால் 'கடுமையான அடிமை' என்று சிவப்பில் காட்டி, அடுத்த பக்கத்திலேயே பயிற்சிக் கட்டணம் கேட்கும் இணையதளங்களும் இதே சாதிதான். கணவரின் கைப்பேசியில் உளவுச் செயலி போட்டுத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

ஒரு விதிவிலக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை உண்மையிலேயே ஏதோ சொல்லும் இடம் அது. என்னிடம் வந்த ஒருவருக்குத் திக்குவாய். 'ப'வில் தொடங்கும் சொல் வந்தால் முகம் சிவந்துவிடும். தன் பெயரே 'ப'வில்தான் தொடங்கும், அதனால் புதியவர்களிடம் பேசவே மாட்டார். இரவில் மன்றத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார், 'ப'வில் தொடங்கும் சொற்களை வேண்டுமென்றே இழுத்து வந்து போடுவார். அதைக் குறை என்று நினைத்து வீட்டார் இணைப்பைத் துண்டித்தார்கள். மூன்று மாதத்தில் அவர் பகலில் பேசிக்கொண்டிருந்த கொஞ்சமும் நின்றது. திக்குவாய் மட்டுமல்ல, காது மந்தம், கூட்டத்தைக் கண்டால் வரும் நடுக்கம், எழுந்து நடமாட முடியாத நோய் என்று வாய் வழியாக வர முடியாதது விரல் வழியாக வருகிறவர்கள் உண்டு. உங்கள் கணவர் மற்றவர்களிடமும் பேசத் தயங்குகிறாரா? தொலைபேசி அடித்தால் உங்களிடம் நீட்டிவிடுகிறாரா? ஆமென்றால் பேச்சுப் பயிற்சியாளரையோ உளவியலாளரையோ பாருங்கள், மன்றத்தில் கை வைக்காதீர்கள்.

கவலைப்பட வேண்டியது திடீர் மாற்றத்துக்கு. நாளுக்கு மூன்று எழுதியவர் அறுபது எழுதுகிறார், இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பில்லை, பேச்சிலும் செலவிலும் வேகம் என்றால் மனநல மருத்துவரிடம் தாமதமின்றிப் போங்கள். சாவைப் பற்றி எழுதினால் அன்றே.

வீட்டு மௌனத்துக்கு வருகிறேன். 1998இல் ராபர்ட் கிராட் என்ற உளவியலாளரின் குழுவினர், இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டில் பேசுவது சற்றுக் குறைந்ததாக எழுதினார்கள். அதே குழு 2002இல், அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்ததில் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது என்றது. ஆகவே மன்றத்தின் மேல் பழி போடும் முன் நினைத்துப் பாருங்கள்: 11 ஆண்டுகளுக்கு முன் அவர் பேசிக்கொண்டிருந்தாரா? இல்லையென்றால் அவர் இயல்பே அது. பேசிக்கொண்டிருந்தார் என்றால், எப்போது நின்றது, அப்போது என்ன நடந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். 14,000 என்று ஆரம்பிக்காதீர்கள், கதவு சாத்திக்கொள்ளும். அந்தச் சுவர்க்கடிகாரத் திரியைக் காட்டி, சத்தத்தை எப்படிக் கேட்பது என்று கேளுங்கள்.

கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்களா இல்லையா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால் இன்றே மாற்ற வேண்டும். அதை மாற்ற வேண்டியவர் அவர்தான் என்பதால், நடந்ததை அவரிடம் சொல்லாமல் முடியாது.