பெட்டியை வாங்கும் முன் ட்ரெய்லரைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மேடவாக்கம் வாசகர்): மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். பட்டறையில் சொல்லி ஒற்றை அச்சு ட்ரெய்லர் ஒன்று செய்து வாங்கினேன். கூடாரம், கயாக், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றினால் 400 கிலோ வரும். ஆன்லைனில் எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் பார்த்தேன். வாங்கி மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டி என்ன செய்யப் போகிறீர்கள்? நீங்கள் அனுப்பிய படத்தில் ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் வெறும் ஹப்தான் தெரிகிறது, பிரேக்கையே காணோம். கன்ட்ரோலர் என்பது காருக்குள் உட்கார்ந்து எவ்வளவு கரன்ட் அனுப்பலாம் என்று முடிவு செய்கிற பெட்டி, அவ்வளவுதான். பிரேக் பிடிப்பது ட்ரெய்லரின் டிரம்முக்குள் இருக்கிற மின்காந்தம். கரன்ட் வந்ததும் அது சுற்றுகிற டிரம்மின் உள்முகத்தில் ஒட்டப் பார்க்கும், டிரம் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் காந்தம் பூட்டியிருக்கிற நெம்புகோல் நகர்ந்து, டிரம்மில் உரசி நிறுத்துகிற லைனரை விரிக்கும். இந்த ஏற்பாடு ட்ரெய்லரில் இல்லாவிட்டால் காரில் எத்தனை ஆயிரம் ரூபாய் பெட்டி மாட்டினாலும் அது டேஷ்போர்டு அலங்காரம்தான்.

எலக்ட்ரிக் பிரேக் நிறையப் புழங்குகிற ஆஸ்திரேலியாவிலேயே 750 கிலோ வரையிலான ஒற்றை அச்சு ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. உங்கள் 400 கிலோவுக்கு அந்தப் பணத்தை நல்ல டயரிலும், கொக்கி கழன்றால் ட்ரெய்லரைப் பிடித்து வைக்கிற சங்கிலியிலும் போடுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்பக்கக் கொக்கியில் அமர்கிற மாதிரி சாமானை அடுக்குங்கள். பின்பாரமாக ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் 80-ல் போனால் வால் ஆட ஆரம்பிக்கும், அதற்கு எந்தப் பெட்டியும் முழு வைத்தியம் கிடையாது.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): என்னுடையது இசுசு வி-கிராஸ் பிக்கப். அச்சு, 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் எல்லாம் வெளியிலிருந்து வரவழைத்து இங்கே கட்டிய கேம்பர் ட்ரெய்லர், சாமானோடு 1,200 கிலோ. சிட்னியில் இருக்கும் உறவினர் கன்ட்ரோலர் கொண்டு வந்து கொடுத்தார். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம் என்று நாலு ஒயர். கறுப்பு என்றால் எர்த்தானே, பாடியில் முடுக்கிவிடலாம் என்கிறார் எங்கள் ஏரியா எலக்ட்ரீஷியன். சரியா?

பதில்: அவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நம் ஊர் கார் வேலையில் கறுப்பைப் பார்த்ததும் கை தானாக எர்த்துக்குப் போகும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கன்ட்ரோலர்களில் வழக்கமாகக் கறுப்புதான் பேட்டரி பாசிட்டிவ், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் லைட் ஸ்விட்சுக்கு, நீலம் பின்னால் ட்ரெய்லர் பிரேக்குக்கு. கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்தால் புதுப் பெட்டி அங்கேயே புகைந்துபோகலாம். உங்கள் பெட்டியோடு வந்த கையேட்டில் நிறத்தை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அவரிடம் காட்டுங்கள்.

இனி ஒவ்வொன்றாக. பாசிட்டிவை நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள், சிகரெட் லைட்டர் ஃபியூஸிலிருந்தோ ஸ்டீரியோ ஒயரிலிருந்தோ வேண்டாம். ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், உங்களுக்கு ரெண்டு சக்கரம் என்பதால் 6 ஆம்பியர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் ஒன்றைப் போடுங்கள், தானாக மீண்டும் சேர்ந்துகொள்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதா ஃபியூஸ் போட்டால் அது போனது உங்களுக்குத் தெரியாமலேயே ட்ரெய்லர் பிரேக் இல்லாமல் செங்கல்பட்டு வரை போய்விடுவீர்கள், டோல்கேட் வரிசையில் நிறுத்தும்போதுதான் தெரியும்.

ஒயர் கனத்தில் கஞ்சத்தனம் செய்கிறவர்கள்தான் அதிகம், அதனால் கணக்கையே சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து கேபின், அங்கிருந்து பின் பம்பர், அப்புறம் ட்ரெய்லர் சக்கரம் என்று ஒரு வழிக்கே 10 மீட்டர் வரும். 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 6 ஆம்பியர் அந்த 10 மீட்டர் போனால் ஏறக்குறைய 0.8 வோல்ட் வழியிலேயே கரையும், எர்த்தும் அதே கனத்தில் திரும்பி வந்தால் மொத்தம் 1.6 வோல்ட். 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் ஒரு வழிக்கு 0.2 வோல்ட்தான். காந்தத்தின் பிடி கரன்ட்டைப் பொறுத்தது, கரன்ட் வோல்ட்டைப் பொறுத்தது, ஆகவே மெல்லிய ஒயர் என்பது பலவீனமான பிரேக். வீட்டு ஒயரிங்கில் மீந்துபோன கனமான ஒற்றைக் கம்பி ஒயரை இழுத்துவிடாதீர்கள், அதிர்வில் உள்ளேயே முறிந்து வெளியே தோல் மட்டும் நன்றாக இருக்கும். பல இழை கொண்ட ஆட்டோ ஒயர், முடிந்தால் ஈயம் பூசிய செம்பு. கடல் காற்று அடிக்கிற ஊர் இது, பூசாத செம்பு, ஒயர் முனையில் மாட்டுகிற லக்கின் வாயில் பச்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

எர்த் விஷயத்தில் ஒன்று. இப்போதைய வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே கரன்ட் அளக்கிற சென்சார் ஒன்று இருக்கும். வெள்ளை ஒயரை நேராக அந்த முனையில் மாட்டினால் சென்சாரைத் தாண்டிப் போகும் கரன்ட் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பேட்டரி எர்த் கேபிள் பாடியில் இறங்குகிற போல்ட்டில் கொடுங்கள், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

சிவப்பு ஒயர்தான் நுணுக்கம். பிரேக் பெடலுக்கு மேலே இருக்கிற ஸ்விட்சில் நாலு ஒயர் கூட வரலாம், அதில் பெடலை மிதிக்காதபோது 0, மிதித்தால் 12 வோல்ட் காட்டுகிற ஒயர் எது என்று மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடியுங்கள். சிலதில் நேர் எதிராகக் காட்டும், அது இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயர், அதைத் தொட வேண்டாம். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை அங்கே குத்தக் கூடாது. பல்பு இழுக்கும் கரன்ட் கம்ப்யூட்டர் சர்க்யூட்டுக்கு அதிகம். ஒயரைக் கண்டுபிடித்த பிறகு, பல்லால் கடிக்கிற மாதிரி குத்திப் பிடிக்கும் நீல நிற கிளிப்பை மட்டும் போடாதீர்கள். மழைக்காலத்தில் முதலில் கைவிடுவது அதுதான். தோலை உரித்து சோல்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவைப் போடுங்கள். வாரண்டியில் இருக்கிற வண்டியென்றால் ஒயரில் கை வைப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

நீல ஒயரை பயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கிற தகடு) புது ஓட்டை போடாமல், ஏற்கனவே ஓட்டையில் இருக்கிற ரப்பர் வளையம் (கிராமெட்) வழியாகவே வெளியே கொண்டுபோங்கள். சேசிஸ் ஓரமாக, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், காட்டுப் பாதையில் கல்லும் கிளையும் உரசாத உயரத்தில்.

கேள்வி (அடையாறு வாசகர்): எனக்குப் புரியாத புதிர் ஒன்று. பகலில் ட்ரெய்லர் நன்றாக வருகிறது. மாலை ஆறரைக்கு விளக்கைப் போட்டால் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கிறது, ஹப் கொதிக்கிறது. ஒரு நாள் பார்க்கிங் லைட் ஃபியூஸ் போனது, உடனே ட்ரெய்லர் லேசாகிவிட்டது! மெக்கானிக் பெரிய ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார், மறுபடி இழுக்கிறது. இண்டிகேட்டர், பிரேக் லைட், டெயில் லைட் எல்லாம் சரியாகவே எரிகின்றன.

பதில்: முதலில் அந்தப் பெரிய ஃபியூஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய அளவைப் போடுங்கள். ஒயர் எரிவதற்கு முன் எரிவதற்குத்தான் ஃபியூஸ்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயரிங் படத்தைப் பார்த்து ட்ரெய்லரைக் கட்டியதாகவும், ட்ரெய்லர் ஒயரைச் செருக காரில் கடையில் கிடைத்த 7 முனை வட்ட சாக்கெட்டைப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த சாக்கெட்டுக்கு ஐரோப்பிய முறையில் ஒயர் கொடுத்திருப்பார்கள். ரெண்டு முறையிலும் 1-ம் முனை இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 6 பிரேக் லைட். இதுவரை ஒற்றுமை. ஐரோப்பிய முறையில் 7 இடது டெயில் லைட், ஆஸ்திரேலிய முறையில் மொத்த டெயில் லைட்டுமே 7, அதனால் அதுவும் எரிந்துவிடுகிறது. வம்பு 5-ல் இருக்கிறது. காரில் அது வலது டெயில் லைட், ட்ரெய்லரில் அது எலக்ட்ரிக் பிரேக். நீங்கள் விளக்கைப் போட்ட வினாடியே பேட்டரி வோல்ட் முழுசாக ரெண்டு காந்தத்துக்கும் போகிறது, கன்ட்ரோலருக்கு இதில் சம்பந்தமே இல்லை. எல்லா விளக்கும் ஒழுங்காக எரிவதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்: ஆஸ்திரேலிய முறையில் அது 2, ஐரோப்பிய முறையில் அந்த இடம் பின்பக்க பனி விளக்குக்கு.

காரின் சாக்கெட்டைத் திறந்து 5-ல் இருக்கிற டெயில் லைட் ஒயரை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் நீல ஒயரை அங்கே கொடுங்கள். 5-க்கு மட்டும் கனமான ஒயர். அப்புறம் டிரம்மைக் கழற்றி லைனரையும் பேரிங் கிரீஸையும் பாருங்கள், அத்தனை சூடு பட்ட கிரீஸ் உருகி லைனரில் வழிந்திருக்கலாம்.

கேள்வி (போரூர் வாசகர்): எல்லாம் மாட்டிவிட்டேன். கன்ட்ரோலரில் பிரேக் பலத்தை எந்த எண்ணில் செட்டிங் வைப்பது?

பதில்: அடுத்தவர் சொல்கிற எண் உங்களுக்கு ஆகாது, ஏற்றுகிற பாரத்தைப் பொறுத்து மாறும். ஆளில்லாத காய்ந்த தார் ரோடாகப் பாருங்கள். ட்ரெய்லரை நிஜமாக ஏற்றுகிற சாமானோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, கார் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கைப்பொத்தானை மட்டும் முழுதாக அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் சுற்றாமல் நின்று ரோட்டில் தேய்த்துக்கொண்டு போனால் எண் அதிகம். சக்கரம் அப்படி நிற்பதற்குச் சற்று முன் வரை எண்ணைக் கொண்டுபோய் அங்கே விடுங்கள். காலியாக இழுக்கும் நாளில் குறைத்துக்கொள்ளுங்கள், மழையிலும். புது லைனர் படிய நேரம் எடுக்கும், அதனால் முதல் 300 கிலோமீட்டர் ஆனதும் டிரம்முக்குப் பின்னால் இருக்கிற நட்சத்திரப் பல்லைத் திருகி லைனர் இடைவெளியைச் சரி செய்துவிட்டு இந்த வேலையை இன்னொரு தடவை செய்யுங்கள்.

அந்தக் கைப்பொத்தான் எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. ஈ.சி.ஆரில் ஆம்னி பஸ் உரசிக்கொண்டு தாண்டும்போது ட்ரெய்லர் வால் ஆட்டினால் கார் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி பொத்தானை மெல்ல அழுத்தினால் ட்ரெய்லர் பின்னுக்கு இழுத்து நேராகிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும், மண் பாதையில் 4-லோவில் (நாலு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியர்) ஊர்ந்து இறங்கும்போதும் அதுதான் கை கொடுக்கும். வண்டி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப பிரேக் கொடுக்கிற வகை ஹைவேயில் அருமையாக வேலை செய்யும், ஆனால் ஊர்கிற வேகத்தில் உணர்வதற்கு அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இந்த வசதியே இல்லாமல், மிதித்ததும் நேரக் கணக்கில் கரன்ட்டை ஏற்றிக்கொண்டே போகிற மலிவான வகையும் உண்டு. சிக்னலுக்கு சிக்னல் நிற்கிற கத்திப்பாரா பக்கம் அது வெட்டி வெட்டிப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

கேள்வி (நீலாங்கரை வாசகர்): படகு ட்ரெய்லருக்கும் இதையே போடலாமா?

பதில்: வேண்டாம். படகை இறக்க ட்ரெய்லரைப் பின்னால் விட்டு சக்கரத்தை உப்புத் தண்ணீரில் முக்குவீர்கள், டிரம்முக்குள் காந்தமும் நெம்புகோலும் துருப்பிடித்து இறுகிவிடும். ட்ரெய்லர் முன்னால் தள்ளுகிற விசையிலேயே வேலை செய்கிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்தான் படகுக்குப் பொருத்தம். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அது வேறு விஷயம்.

கேள்வி (அண்ணா நகர் வாசகர்): பிரிஸ்பேனில் இருக்கும் மகன் 2,500 கிலோ கேரவன் வாங்கியிருக்கிறான். பிரேக்குக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைக்கச் சொல்கிறார்களாம். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை சார், அங்கே அது சட்டம். 2,000 கிலோவுக்கு மேல் போனால் எல்லா சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், டிரைவர் இருக்கையிலிருந்தே அதை இயக்க முடிய வேண்டும், கேரவன் கழன்று ஓடினால் தானாகப் பிடித்து குறைந்தது 15 நிமிஷம் விடாமல் இருக்க வேண்டும். கழன்ற பிறகு கார் பேட்டரி ஏது? அதற்குத்தான் கேரவனிலேயே ஒன்று.

கேள்வி (தாம்பரம் வாசகர்): பெட்டியை ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் மாட்டலாமா? ஆர்.டி.ஓ.வில் ஏதாவது சொல்வார்களா?

பதில்: முழங்கால் ஏர்பேக் இருக்கிற வண்டியென்றால் அந்த இடத்தில் எதையும் திருகக் கூடாது. இல்லாத வண்டியிலும் மோதலில் முழங்கால் போய் இடிக்கிற இடம் அது. சென்டர் கன்சோல் ஓரத்தில், இடது கை பார்க்காமலேயே எட்டுகிற இடத்தில் வையுங்கள். உள்ளே ஊசல் வைத்த பழைய மாடலென்றால் பெட்டி பயண திசையில் நேராக, கையேட்டில் சொன்ன சாய்வுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

ஆர்.டி.ஓ. பார்க்கப் போவது பெட்டியை அல்ல, ட்ரெய்லரை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம், அதற்கும் பதிவு வேண்டும். பட்டறையில் கட்டி எண் இல்லாமல் இழுத்துக்கொண்டு போனால் விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ட்ரெய்லர் கட்டுகிறவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பதிவுக்கு வேண்டிய காகிதம் அவரால் தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): ஒயர், சாக்கெட் எல்லாம் புதுப்பேட்டையில் பழசாக வாங்கினால் பாதி விலைதானே?

பதில்: கதவு, பம்பர், கண்ணாடி வாங்குங்கள், நானே கூட வருகிறேன். பிரேக்குக்குப் போகிற ஒயர், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் மூன்றும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போய் புதுசாகவே எடுங்கள். கூடவே டாங் டெஸ்டர் (ஒயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளக்கிற மீட்டர்) ஒன்று, டி.சி. கரன்ட் அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், ஏ.சி. மட்டும் படிக்கிறது இந்த வேலைக்கு ஆகாது. நீல ஒயரில் அதை மாட்டிக்கொண்டு யாரையாவது கைப்பொத்தானை முழுதாக அழுத்தச் சொல்லுங்கள். ரெண்டு சக்கரத்துக்கு 6 ஆம்பியர் பக்கம் காட்டினால் சரி, 3 காட்டினால் ஒரு பக்கம் காந்தமோ ஒயரோ போயிருக்கிறது.