சொந்த ஃப்ளாட்டில் டிரம்ஸ் வாசிக்க யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடியில் எங்களுக்குச் சொந்த ஃப்ளாட் இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு 9 மணிக்குள் நிறுத்திவிடுவான். போன வருடம் கீழ்வீட்டுக்குக் குடிவந்த பெரியவர் அசோசியேஷனில் புகார் கொடுத்துவிட்டார். இனி வாசித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் இங்கே 8 வருடமாக இருக்கிறோம். என் வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்க இவர்களுக்கு உரிமை உண்டா?

பதில்: அபராத விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கக்கூடும். சத்தத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். செயலாளர் மனதுக்குத் தோன்றிய தொகையை எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினால் அது அபராதமாகிவிடாது. பைலா என்கிறோமே, அந்தத் துணைவிதியில் அதற்கு இடம் இருக்க வேண்டும். பொதுக்குழுவும் முறைப்படி முடிவெடுத்திருக்க வேண்டும். இரண்டின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். ஆனால் பைலாவில் சத்தத்தைப் பற்றி ஒரு விதி உண்மையிலேயே இருந்தால் அது உங்களையும் கட்டுப்படுத்தும். சொந்தக்காரர், வாடகைக்காரர் என்ற வித்தியாசம் அங்கே கிடையாது.

அடுத்து அந்த 9 மணி. இரவு 10 மணி வரை எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மைக்செட்காரர்கள் கிளப்பிவிட்டதோ என்னவோ! 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் பகலுக்கும் வரம்பு உண்டு. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், அதன் பிறகு 45. தனியார் இடத்தில் வாசிக்கும் கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆக, பகலில் 60. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். டிரம் செட்டோ அறைக்குள் சர்வசாதாரணமாக 100-ஐத் தொடும்.

இதே சென்னையில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி, டிரம் சத்தத்தை எதிர்த்துக் குடியிருப்போர் நலச் சங்கம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ல் தீர்ப்பானது. வழிபாட்டு உரிமைக்கே அந்த எல்லை என்றால், வீட்டுப் பயிற்சிக்கு அதைவிடத் தாராளமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

"நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்ற வாதமும் எடுபடாது. 1879-ல் லண்டனில் ஒரு மிட்டாய்க்கடைக்காரர் இதைத்தான் சொன்னார். 20 வருடத்துக்கு மேலாக அவர் உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மருத்துவர் தன் தோட்டத்துக் கோடியில், மிட்டாய்க்கடைச் சுவரை ஒட்டி, புதிதாக ஓர் ஆலோசனை அறை கட்டினார். இடிக்கும் சத்தத்தில் நோயாளியைப் பார்க்க முடியவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்தும் விட்டார். அண்டை வீட்டுத் தொல்லை வழக்குகளில் இன்றைக்கும் பேசப்படும் தீர்ப்பு அது.

சரி, கீழ்வீட்டுப் பெரியவருக்கு அப்படி என்னதான் கேட்கிறது? சிம்பல் ஓசையை விட, காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மின் 'தொம் தொம்'தான் அவரை வதைக்கும். அது காற்று வழியாக மட்டும் போவதில்லை. தரையில் இறங்கி, கான்கிரீட் தளம் வழியாக அவர் வீட்டுக் கூரையைத் தட்டும். முட்டை அட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. எலக்ட்ரானிக் டிரம் வாங்கி ஹெட்ஃபோன் மாட்டிவிட்டால் பெரும்பகுதிச் சத்தம் போய்விடும், மிதியின் அதிர்வு மட்டும் போகாது. அதற்குத் தரையை நேராகத் தொடாத மேடை வேண்டும்: இரண்டு பிளைவுட் பலகை, நடுவே வரிசையாக டென்னிஸ் பந்துகள், அதன்மேல் டிரம் செட். உலகம் முழுக்க மாடி வீட்டு டிரம்மர்கள் செய்வதுதான். அடிப்படைப் பயிற்சிகளுக்கு ரப்பர் பேட் போதும். முழு செட்டில் வாசிக்கும் நாளை வாரத்துக்கு இரண்டாக்கி, அதை வகுப்பிலோ வாடகை ஸ்டுடியோவிலோ வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர் கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மிக்ஸி ஓடும், குழந்தை ஓடும், நாற்காலி இழுபடும். மாடி வீட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. நாள் முழுக்க நிசப்தம் வேண்டும் என்று அவர் கேட்டால் தாராளமாக மறுக்கலாம்.

ஆனால் மறுப்பதற்கு முன்னால் ஒரு நாள் மகனை வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழே போய் அவர் ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேடை போட்ட பிறகு இன்னொரு முறை போங்கள். அவர் மதியம் தூங்கும் நேரம், மருந்து சாப்பிடும் நேரம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதையெல்லாம் வைத்து நேரத்தைப் பேசி முடித்து, செய்த ஏற்பாடுகளோடு செயலாளருக்குக் கடிதமாகக் கொடுத்து, அதிலேயே அபராத நோட்டீஸை எடுத்துவிடும்படி கேளுங்கள்.