ஆங்கில அழைப்பிதழுக்குப் பதில் சொல்வது

வணக்கம் ஐயா,

நான் வவுனியாவில் படித்தவள். இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மேலாளரின் மகளுடைய கல்யாணக் கார்ட் வந்தது. எல்லாம் ஆங்கிலம். கீழே ஆர்.எஸ்.வி.பி. என்று போட்டு ஒரு தொலைபேசி இலக்கமும் திகதியும் இருந்தன. ஏதாவது விசாரிப்பதற்கான இலக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஹோட்டலுக்குப் போனால் மேசைப் பட்டியலில் என் பெயர் இல்லை. பிறகு எங்கேயோ ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. இப்படியான இடங்களுக்குத் தேவையான ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாகத் தருவீர்களா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்பின் வாசகிக்கு,

பட்டியல் தருவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நூறு சொல்லைப் பாடமாக்கியிருந்தாலும் அன்று உங்களுக்கு அது உதவியிராது. ஆர்.எஸ்.வி.பி. என்றால் ‘தயவுசெய்து பதில் தாருங்கள்’ என்று பொருள். வருகிறீர்களா என்று அந்தக் கார்ட் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டது. அது கேள்வி என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் ஊரில் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து சொல்வார்கள். சொன்னவர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. சமையல் ஆட்கள் கூடுதலாகத்தான் சமைப்பார்கள், வந்தவர் பந்தியில் இருப்பார். கொழும்பு ஹோட்டலில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு. எத்தனை பேர் என்பதைக் கல்யாண வீட்டார் சில நாட்களுக்கு முன்பே ஹோட்டலுக்கு உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே ஆர்.எஸ்.வி.பி. என்று இருந்தால் வந்தாலும் சொல்ல வேண்டும், வராவிட்டாலும் சொல்ல வேண்டும், அந்தத் திகதிக்குள். ‘ரிக்ரெட்ஸ் ஒன்லி’ என்று இருந்தால் வராதவர்கள் மட்டும் அறிவித்தால் போதும். பேசாமல் இருந்தால் வருகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வருவதாகச் சொல்வது சுலபம்: ‘தேங்க் யூ ஃபோர் த இன்விடேஷன். ஐ வுட் லவ் டு கம்.’ நம்மவர்களுக்குக் கஷ்டமானது மறுப்பு. கல்யாண வீட்டுக்காரரிடம் வரமாட்டேன் என்று சொல்ல நமக்கு நா எழாது. ‘பார்ப்பம்’ என்போம், ‘வரப் பார்க்கிறன்’ என்போம். கேட்பவருக்கும் அதன் பொருள் விளங்கும், மனவருத்தம் வராது. அதையே ‘ஐ வில் ட்ரை’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல். மேசை போடுகிறவருக்கு அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. உங்களுக்காக ஒரு இடத்தை வெறுமையாக வைத்திருப்பார், அல்லது உங்களை மறுபடி கேட்க வேண்டிய சங்கடத்துக்கு ஆளாவார். நேரத்தோடு சொல்லும் தெளிவான ‘இல்லை’ அவருக்கு நீங்கள் செய்யும் உபகாரம். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் நன்றி, பிறகு வர இயலாமை, ஒரே வரியில் காரணம், கடைசியாக வாழ்த்து. ‘தேங்க் யூ சோ மச் ஃபோர் இன்வைட்டிங் மீ. அன்ஃபோர்ச்சுனேட்லி ஐ வோன்ட் பி ஏபிள் டு கம், ஏஸ் ஐ வில் பி இன் வவுனியா தட் வீக்எண்ட். ஐ விஷ் தெம் எ வெரி ஹேப்பி லைஃப் டுகெதர்.’ இவ்வளவே. அம்மாவின் பிரஷர், பஸ் கிடைக்காதது, தம்பியின் சோதனை என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் உண்மையும் பொய்யாகத் தெரியும்.

கார்டின் மேலுறையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அழைப்பு. ‘அண்ட் ஃபேமிலி’ என்று இருந்தால் குடும்பம், ‘ப்ளஸ் வன்’ என்றால் உங்களோடு இன்னொருவர். அறைத் தோழியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ‘குடும்ப சமேதராய்’ என்று கேட்டுப் பழகிய நமக்கு இது சுடும். ஆனால் அதை அவமதிப்பாக எடுக்காதீர்கள். உடை விடயம் உங்களுக்குச் சிரமமில்லை: ‘லவுஞ்ச் சூட்’ என்பது ஆண்கள் கோட்டும் டையும் அணிவது, பக்கத்தில் ‘நேஷனல்’ என்றிருந்தால் வேட்டியும் தகும். உங்களுக்கு நல்ல சேலை எங்கேயும் போதும்.

வீட்டு விருந்துக்கு யாராவது கூப்பிட்டால், ‘கேன் ஐ பிரிங் எனிதிங்?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கந்தசஷ்டியிலும், வெள்ளிக்கிழமையிலும் நம்மில் பலர் மச்சம் சாப்பிடுவதில்லை. அதை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும்: ‘ஐ ஆம் வெஜிடேரியன் திஸ் மந்த், ஐ ஹோப் தட் இஸ் ஓகே.’ சமைத்து மேசையில் வைத்தபின் சொன்னால் வீட்டுக்காரி தவித்துப்போவாள். மறுநாள் ஒரு நன்றிச் செய்தி அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு நன்றி சொல்வது நம் வீடுகளில் அந்நியமாகப் படும், இங்கே அது எதிர்பார்க்கப்படுகிறது. ‘வீ மஸ்ட் ஹேவ் லஞ்ச் சம்டைம்’ என்று யாராவது சொன்னால், நாள் குறிக்கும்வரை அது அழைப்பல்ல. அன்போடு சொன்னது என்று எடுத்துக்கொண்டு நகருங்கள்.

உங்கள் கடிதம் வழியாக இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஆங்கிலத்தில் மட்டும் கார்ட் அடிக்கும் தமிழ்க் குடும்பங்களே, பதில் தேவையென்றால் ‘இன்ன திகதிக்குள் வருகையை அறியத்தரவும்’ என்று தமிழிலும் ஒரு வரி சேருங்கள். அச்சகத்தில் அதற்குக் கூடுதல் செலவில்லை. சிங்கள நண்பர்களுக்குக் கொடுக்கும் கார்டில் சிங்களத்திலும் சேருங்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, கார்டை நீட்டும்போதே வாயாலும் சொல்லுங்கள்.